வாசனை நிறைவு

காலை ஏழே முக்காலுக்கு முதல் டிரம் இறங்கியது.

நீல டிரம். வயிற்றில் ஓர் இலைப் படம். பின்னாலேயே இன்னும் பல இறங்கின. எடைக்காரர் தராசு மேடைமேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு நின்றார். எடை போடச் சொல்வார்கள் என்று நினைத்தார். யாரும் சொல்லவில்லை. டிரம்கள் நேராகக் கிடங்குக்குள் உருண்டன.

லாரிக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து வாசனை அலுவலர் இறங்கினார். இயற்கை வாசனைக் காப்பு வாரியத்தின் ஆள். மூக்கின்மேல் வெள்ளைத் துணியில் ஓர் உறை போட்டிருந்தார். வேலை நேரம் தவிர மற்ற நேரங்களில் அவர் மூக்கை வெளியே காட்டுவதில்லை. உறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இனிமே இங்க வண்டு மாத்திரை கிடையாது, மருந்துப் புகை கிடையாது. எலுமிச்சைப்புல், கிராம்பு, தைலமர இலை. மூணும் வடிச்ச எண்ணெய். மூட்டைக்கு வெளிப்பக்கம் பூசணும், சுவருக்குப் பூசணும், கதவுக்குப் பூசணும். அவ்வளவுதான்."

"வண்டு சாகுமா சார்?" என்று கிடங்கு மேலாளர் கேட்டார்.

"ச்சே. கொல்றதெல்லாம் அந்தக் காலம். இந்த வாசனை வண்டுக்குப் பிடிக்காது. அதுவா விலகிப் போயிடும்."

"எங்க போகும்?"

"அது வண்டோட சொந்த விஷயம்."

மேலாளர் சிரித்தார். அலுவலர் சிரிக்கவில்லை. மேலாளர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

அந்தக் கிடங்கில் ஊர் மொத்தத்துக்கும் மழைக்காலத்துக்கான கோதுமை இருந்தது. மழை பிடித்தால் ஆறு ஏறும். ஆறு ஏறினால் பாலம் முழுகும். பாலம் முழுகினால், தண்ணீர் வடியும்வரை ஊருக்குள் ஒரு லாரியும் வராது. ஊர் அந்த மூட்டைகளைத்தான் தின்றாக வேண்டும். தின்ன வேறு எதுவும் இல்லை. வருடா வருடம் அப்படித்தான் கழிந்தது.

மூட்டைகள் கூரைத் தகரத்தைத் தொடும்வரை அட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. சுமைக்காரர்கள் பிரஷ்ஷை எடுத்துப் பூச ஆரம்பித்தார்கள். "என்னமா மணக்குது!" என்றார் சுமைக்காரர்களின் மேஸ்திரி. எல்லாரும் மூச்சை இழுத்தார்கள்.

எடைக்காரரும் இழுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன வருடக் காய்ச்சலில் அவருடைய மூக்கு போய்விட்டது. இருந்த இடத்தில்தான் இருந்தது. வேலை மட்டும் செய்யவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து பாத்திரத்தை இறக்கினாள். அன்று வீட்டுக்குள் தெரிந்தது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எடை போடுகிறவனுக்கு மூக்கு எதற்கு?

அந்த மாதக் கடைசியில் முதல் ஆய்வு நடந்தது.

அலுவலர் ஒரு சிறிய பித்தளை மணி கொண்டுவந்திருந்தார். எல்லாரும் வெந்நீரில் மூக்கைக் கழுவிக்கொண்டு உயர வரிசையில் நிற்க வேண்டும். மணி அடித்ததும் கண்ணை மூட வேண்டும். இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், விட வேண்டும். பிறகு ஒரே குரலில் "வாசனை நிறைவு" என்று சொல்ல வேண்டும். தும்மியவர் வரிசையை விட்டு விலகி, தும்மியதற்காக மூட்டைகளைப் பார்த்து ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

எடைக்காரர் எல்லாரோடும் சேர்ந்து சொன்னார். குரல் நன்றாகவே வந்தது.

சுவரில் ஒரு வண்டு இல்லை. தரையில் இல்லை. தூணில் இல்லை. அலுவலர் கைவிளக்கு அடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது மேலாளர் மாதிரி எடுக்கும் குத்தூசியைக் கொண்டுவந்து ஒரு மூட்டையில் வைத்து அழுத்தப் போனார்.

"மூட்டையைக் காயப்படுத்தாதீங்க," என்றார் அலுவலர்.

"உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துடலாம் சார்."

"வாசனை வரலையா உங்களுக்கு?"

"எண்ணெய் வாசனை வருது சார். கோதுமை எப்படி இருக்குன்னு தெரியலையே."

"தெரியலைன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"எல்லாருக்கும் நிறைவா தெரியுது. உங்களுக்கு மட்டும் தெரியலை."

மேலாளர் சுற்றிப் பார்த்தார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். எடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"உங்க மூக்குக்கு ஓய்வு வேணும்," என்று அலுவலர் மிகவும் அன்பாகச் சொன்னார். "வாரியத்துல மூக்குச் சீரமைப்பு இல்லம் ஒண்ணு இருக்கு. நல்ல சாப்பாடு. நல்ல காத்து. ஏறுங்க."

மேலாளர் ஜீப்பில் பின்சீட்டில் ஏறினார். ஏறும்போது எடைக்காரரிடம் சொன்னார். "சைக்கிள் வெளிய நிக்குது. மழையில நனைய விட்டுடாதப்பா. ரெண்டு நாள்ல வந்துடுவேன்."

எடைக்காரர் சைக்கிளைச் சன்னலுக்குக் கீழே இழுத்து வைத்தார். மறுவாரம் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. அதற்கு மறுவாரம் பின்சக்கரத்திலும். எடைக்காரரைப் பொறுப்பு மேலாளராகப் போட்டார்கள். சாவியும் பித்தளை மணியும் அவர் கைக்கு வந்தன. ஒவ்வொரு ஆய்விலும் வரிசைக்கு முன்னால் நின்று முதலில் இழுத்து முதலில் சொல்வது அவர் வேலை.

வீட்டில் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்களையா? மூக்கு வேலைக்கா?"

"மெதுவாப் பேசு."

மாமனார் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பாலத்துச் சாலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை, என் காலத்துல கண்ணு தெரியாத ஒருத்தனை டிக்கெட் பரிசோதகரா போட்டாங்க. அவன் தடவியே பார்ப்பான். ஒருத்தன்கூட டிக்கெட் இல்லாம ஏறினது கிடையாது."

"அது சரி மாமா, அவருக்குக் கை இருந்துச்சு."

"உங்களுக்கு வாய் இருக்குல்ல? அவங்க சொல்றதைச் சொல்லுங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். எடைக்காரரும்தான்.

ஒருநாள் மத்தியானம் கிடங்குக்குள் தனியாக இருந்தபோது தூறல் சத்தம் கேட்டது. வெளியே காயப்போட்டிருந்த சாக்குகளை எடுக்க ஓடினார். முற்றம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. உள்ளே வந்தார். தூறல் கேட்டது. அட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். உள்ளேதான் பெய்தது. மெல்ல, நிதானமாக, யாருக்கும் அவசரம் இல்லாததுபோல.

காதை எடுத்தபோது, மூட்டைத் தையலில் ஒரு வண்டு தலை நீட்டுவதைக் கண்டார். எண்ணெய் பூசிய சணலை அதன் மீசை தொட்டது. சற்று நின்றது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டது. மரியாதை தெரிந்த வண்டு என்று எடைக்காரருக்குத் தோன்றியது. எண்ணெய் சொன்னதைச் செய்கிறது. வெளியில் இருப்பதை உள்ளே விடவில்லை. உள்ளே இருப்பதை வெளியே விடவில்லை.

இரண்டாவதாக நினைத்ததை அவர் அதற்குமேல் நினைக்கவில்லை. தன் காதும் மூக்கு போன வழியில் போகிறதோ என்றுதான் முதலில் பயந்தார். இருந்தாலும் அடுத்த ஆய்வில் அலுவலரிடம் சொன்னார்.

"சார், உள்ள ஒரு சத்தம் கேட்குது."

அலுவலர் காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

"கேட்குதா? நல்லா கேட்குதே! எண்ணெய் ஊறி இறங்குற சத்தம் இது. பணி ஓசைன்னு பேர். மத்த கிடங்குல எல்லாம் இவ்வளவு தெளிவா கேட்கிறதில்லை."

அந்த மாதம் கிடங்குக்குப் பாராட்டு வந்தது. பக்கத்து ஊர்க் கிடங்குகளிலிருந்து ஆட்களை அழைத்துவந்து மூட்டைகளில் காது வைக்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் பொறாமையோடு திரும்பிப் போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் வாந்தி எடுத்தார். அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிறகு சுமைக்காரர்களுக்குப் பலம் வந்தது.

மேஸ்திரிதான் முதலில் சொன்னார். "தலைவரே, நேத்துவரை ஒத்தை மூட்டைக்கு முதுகு பிடிச்சுக்கும். இன்னைக்கு ரெண்டைச் சேர்த்துத் தூக்கிட்டேன். என் பொண்டாட்டிகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கறா. வந்து பார்க்கச் சொல்லட்டுமா?"

"ரெண்டா?"

"மூணுகூட ஆகும். வாசனையைச் சுவாசிச்சுச் சுவாசிச்சு உடம்பு இரும்பாயிருச்சு."

எடைக்காரர் அவரிடமிருந்து ஒரு மூட்டையை வாங்கித் தராசில் வைத்தார். முள் கிளம்பியது, பாதி வழிகூடப் போகவில்லை. நின்றுவிட்டது. தராசைத் தட்டினார். நகரவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்றார். முள் அவர் எடையைச் சரியாகக் காட்டியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தராசைச் சோதிக்க அவர் செய்வது அதுதான். அவர் உடம்பு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. ஆனாலும் தராசு கெட்டுவிட்டது என்றே மேஸ்திரியிடம் சொன்னார்.

அலுவலர் இதையும் கேட்டு மகிழ்ந்தார். சுமைக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துப் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார். தாவர எண்ணெய் தொழிலாளர் உடல்நலத்தை வளர்க்கிறது என்று வாரியம் அறிவித்தது. மேஸ்திரிக்கு மாலை போட்டார்கள். தராசைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.

"இது எதுக்கு சார் போகுது?" என்று எடைக்காரர் கேட்டார்.

"பாருங்க, எடைங்கறது சந்தேகம். மூட்டையை நம்பாத ஆள்தான் எடை போடுவான். நாம மூட்டையை நம்பறோம்."

தராசு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தூசியில்லாத தரை மிஞ்சியது. எடைக்காரர் சில நாள் அதைச் சுற்றியே நடந்தார்.

மழைக்கு முந்திய புழுக்கம் தொடங்கியது. மனைவி அவர் சட்டையைத் துவைக்க எடுத்தவள், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னெல்லாம் உங்க சட்டை சோப்புக் கடை மாதிரி மணக்கும். இப்ப வேற மாதிரி வருதுங்க."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியலை. ரொம்ப நாள் பூட்டின பெட்டியைத் திறந்தா வருமே, அப்படி. உள்ள எதுவோ செத்துக் கிடந்தா."

மாமனார் சட்டையை வாங்கி மோந்தார். வழக்கமாக ஒரு கேலி வரும். வரவில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை," என்றார் அப்படியே. "ஆத்துல தண்ணி செம்மண்ணா வருது. பாலம் இன்னும் கொஞ்ச நாள்தான். வேற ஏற்பாடு பண்றதுன்னா இப்பவே பண்ணணும்."

மறுநாள் எடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. கையைச் சட்டென்று எடுத்தார். பெட்டி வாசனையைப் பற்றி அலுவலரிடம் சொன்னார், மனைவி சொன்னாள் என்று சொல்லாமல். அலுவலர் குறித்துக்கொண்டார். "முதிர் வாசனை. ரொம்ப உயர்ந்த நிலை அது. இயக்குநரே வந்து பார்க்க வேண்டியது."

இயக்குநரே வந்தார்.

முற்றத்தில் பந்தல் போட்டார்கள். அவருடைய மூக்கு உறை பட்டில் இருந்தது. ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தது. மனைவியும் மாமனாரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள்.

"முன்னெல்லாம் நாம தானியத்தைப் பாதுகாத்தோம்," என்று இயக்குநர் தொடங்கினார். "அது சின்ன வேலை. யாரும் செய்யலாம். இன்னைக்கு நாம பாதுகாப்பைப் பாதுகாக்கிறோம். போன வருஷம் இந்தக் கிடங்குல எவ்வளவு வண்டு கண்ணுல பட்டுச்சு! இந்த வருஷம் ஒண்ணாவது பட்டுச்சா? எப்படிப் படும்? மூட்டையைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது யாரு? நாம!"

கைதட்டினார்கள்.

"சில பேர் கேட்கிறாங்க, உள்ள என்ன இருக்குன்னு. உள்ள என்ன இருக்குன்னு கேட்கிற புத்தி இருக்கே, அதுதான் நாட்டைத் தின்கிற வண்டு. பசிச்ச வயித்துக்குச் சோறு எந்த அரசாங்கமும் போடும். வாசனை போடறது நம்ம வாரியம் மட்டும்தான்!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மாமனார் தட்டவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் அங்கிருந்தே கேட்டது.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் எடைக்காரரை மட்டும் அழைத்துக்கொண்டு கிடங்குக்குள் போனார். கதவைச் சாத்தச் சொன்னார். பட்டு உறையைக் கழற்றினார். கழற்றியதும் மிகவும் களைத்த மனிதராகத் தெரிந்தார்.

"உங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாமா?"

"சொல்லுங்க சார்."

"எனக்கு வாசனை தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. எண்ணெய்லயே கிடந்து மூக்கு செத்துப் போச்சு. அலுவலருக்கும் வாசனை தெரியாது. வாரியத்துல யாருக்கும் தெரியாது. வெளிய சொல்லாதீங்க."

எடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்களை நம்பி இருக்கோம். இத்தனை ஆய்வுல ஒரு தடவைகூட நீங்க தயங்கினது இல்லையாம். அலுவலர் சொன்னார். மூக்குன்னா அது மூக்குன்னு." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அக்கரையில கோதுமை லாரி வரிசையா நிக்குது. எந்தக் கிடங்குக்குக் குறையோ அங்க அனுப்பணும். பாலம் நாளைக்கு இருக்குமோ என்னமோ. இங்க ஏதாவது குறை இருந்தா இப்பச் சொல்லுங்க. இங்கயே திருப்பி விடறேன்."

உள்ளே தூறிக்கொண்டிருந்தது. எடைக்காரருக்குப் பின்னால் மூட்டைகளின் சூடு முதுகில் பட்டது. சன்னலுக்கு வெளியே மேலாளரின் சைக்கிள் இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டி நின்றது. அதற்கப்பால் ஜீப். டிரைவர் பின்சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா துடைக்கிறார் என்றும் சொல்லலாம்.

குறை இருக்கிறது என்றால், எப்போது தெரிந்தது என்று கேட்பார்கள். இத்தனை மாதம் எதை மோந்து சொன்னாய் என்று கேட்பார்கள். எடைக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். பழகின வாய்.

"வாசனை நிறைவு சார்."

இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. உறையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜீப் பாலத்தைத் தாண்டியது. லாரிகள் வேறு ஊருக்குத் திரும்பின. இரண்டு நாளில் பாலம் முழுகியது.

மழை விடாமல் கொட்டியது. வீடுகளில் டப்பாக்கள் காலியாயின. கடைக்காரர்கள் பலகையை இழுத்துச் சாத்தினார்கள். கோதுமை கொடுக்கும் நாள் வந்தது.

காலையிலேயே வரிசை கிடங்குச் சுவரைச் சுற்றித் திரும்பியது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மழை தகரக் கூரையில் அடித்த அடியில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை. எடைக்காரருக்கு அது ஒரு நிம்மதியாக இருந்தது. வாரியத்து ஆள் யாரும் இக்கரையில் இல்லை. சாவி அவரிடம். மணி அவரிடம்.

மேஸ்திரி மழையை மீறிக் கத்தினார். "தலைவரே, திறக்கலாமா? ஜனம் நனையுது!"

"மழை கொஞ்சம் குறையட்டும்."

"குறையுறதுக்குள்ள பசியில விழுந்துடுவாங்க!"

கதவைத் திறக்குமுன் பொதுமக்களும் ஆய்வில் கலந்துகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. எடைக்காரர் மணியை அடித்தார். ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்பதாக இருக்கலாம். ஊர் கண்ணை மூடியது. இழுத்தது. வரிசையின் முன்பகுதியில் இருந்தவர்கள் இழுத்த மூச்சை விடாமல் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் ஆள் சாக்கு நுனியால் மூக்கைப் பொத்தினான். யாரும் "நிறைவு" என்று சொல்லவில்லை.

எடைக்காரர் சாவியைப் பூட்டில் போட்டார். பூட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது மழை குறைந்தது. தகரத்தில் அடி தளர்ந்தது, தட்டலாயிற்று, சொட்டாயிற்று. பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு நாளில் முதல்தடவையாக ஊர் அமைதியாக இருந்தது. மாமனார் தலைச் சாக்கை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். வரிசையில் ஒவ்வொருவராகக் கதவைப் பார்த்தார்கள்.

மனைவி வரிசையில் முதலாவதாக நின்றாள். மடித்த பையைக் கக்கத்தில் வைத்திருந்தாள். கதவுப் பலகையில் காதை வைத்தாள். எடுத்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, மழை விட்டிருச்சே," என்றாள். "உள்ள மட்டும் என்ன இன்னும் பெய்யுது?"